சின்னம்மாவின் குழந்தையும் டென்மார்க்கின் கோழிக்குஞ்சுகளும்

கடந்த வருடம் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தபோது சின்னம்மாவும் என்னோடு வைத்தியசாலைக்கு வந்திருந்தார். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கித் தொப்புளைத்தான் பார்த்தார். பிறந்த கையோடு குழந்தையின் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள் என்று தங்கச்சி சொன்னாள். எதற்கு என்று சின்னம்மா கேட்டார். பக்கத்தில் நின்ற தாதி, அது விற்றமின் கே, குருதிப்போக்கு வராமல் இருப்பதற்காக எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்குப் பிறகு சின்னம்மா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

காரணத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்ததும் சுற்றிலும் இருட்டில் ஆட்கள் நடந்ததும் மட்டும் நினைவில் இருக்கிறது. கொடிகாமத்துக்கு அப்பால் உறவினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், அயலில் இருந்த வயதான மருத்துவிச்சி ஒருவர்தான் சின்னம்மாவுக்குப் பிரசவம் பார்த்தார். ஆண் குழந்தை. இரண்டு நாளும் நன்றாகப் பால் குடித்தது. மூன்றாம் நாள் தொப்புளில் குருதி கசியத் தொடங்கியது. துணி மாற்ற மாற்ற நனைந்தது. நான்காம் நாள் மலம் கறுப்பாகப் போனது. குடித்த பாலோடு குருதியும் வாந்தியாக வந்தது. வாகனம் தேடி ஆட்கள் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது.

வந்தவர்கள் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் கிரந்தி என்றார். இன்னொருவர் நாவூறு என்றார். மழையில் நனைந்த உடம்பு, பத்தியமும் இல்லை, சரக்குத்தண்ணியும் இல்லை, அதனால் பாலில் குற்றம் வந்துவிட்டது என்று ஒரு கிழவி சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் சின்னம்மா கிட்டத்தட்ட முப்பது வருடங்களாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். அதற்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் வாரம் முழுவதும் பயந்து பயந்துதான் பால் கொடுத்தாராம்.

நான் படித்தது ஊடகக் கற்கை. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் தேடி வாசிக்கத் தெரியும். அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் ஹென்றிக் டாம் என்ற மனிதரிடம் வந்து சேர்ந்தேன். நோபல் பரிசு பெற்றவர். மருத்துவ மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். ஆனால் உலகம் முழுவதும் பிறக்கும் குழந்தைகளுக்கு அவருடைய கண்டுபிடிப்பு ஏற்றப்படும்போது, அந்தப் பெயர் எந்தத் தாய்க்கும் சொல்லப்படுவதில்லை.

கார்ல் பீற்றர் ஹென்றிக் டாம் 1895 பெப்ரவரி 21ஆம் திகதி டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் பிறந்தார். தகப்பன் மருந்தாளர். தாய் ஆசிரியை. கொப்பன்ஹேகன் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரசாயனவியல் படித்து 1920இல் பட்டம் பெற்றார். முதலில் விவசாய, கால்நடை மருத்துவக் கல்லூரியில் உதவியாளராகவும் பிறகு கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் போதனாசிரியராகவும் வேலை செய்தார். 1925இல் ஒஸ்ரியாவின் கிராஸ் நகருக்குப் போய், மிகச் சிறிய அளவுப் பொருட்களைப் பகுத்தாயும் முறையை பிரிட்ஸ் பிரெகல் என்ற அறிஞரிடம் கற்றார். அவர் மருத்துவர் அல்லர். குழந்தைகளுக்கும் அவருடைய வேலைக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

1920களின் கடைசியில் அவர் தேடியது வேறொன்றை. கோழிக்குஞ்சு தன் உடம்புக்குள்ளேயே கொலஸ்ரரோலை உற்பத்தி செய்யுமா, அல்லது உணவிலிருந்துதான் பெறவேண்டுமா என்பதே அவருடைய கேள்வி. அதற்காகக் கொழுப்பு நீக்கப்பட்ட தீனியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். அன்று தெரிந்திருந்த விற்றமின்களான ஏயையும் டீயையும் தனியாகச் சேர்த்தார். குஞ்சுகள் கொலஸ்ரரோலைத் தாமே உற்பத்தி செய்தன. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் இரண்டு மூன்று வாரங்கள் போனதும் சில குஞ்சுகளுக்குத் தோலுக்கடியிலும் தசைகளிலும் குருதி கட்டியது. அவற்றிலிருந்து எடுத்த குருதி உறைவதற்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடித்தது. டாம் இதை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அது அவருடைய கேள்வி இல்லை. அவர் விடவில்லை. அடுத்த சில வருடங்கள் அந்தக் குருதிக்கசிவின் பின்னாலேயே போனார்.

முதல் சந்தேகம் விற்றமின் சியில் விழுந்தது. முரசு கரைந்து குருதி கசியும் ஸ்கேர்வி நோய் அந்த விற்றமின் குறைவதால்தான் வருகிறது. எலுமிச்சம் சாறு கொடுத்துப் பார்த்தார். கசிவு நிற்கவில்லை. மீன் எண்ணெய் கொடுத்தார். கோதுமை முளை எண்ணெய் கொடுத்தார். எதற்கும் நிற்கவில்லை. தானியங்களையும் விதைகளையும் தீனியில் சேர்த்தபோது குஞ்சுகள் தப்பின. எதில் அந்தப் பொருள் கூடுதலாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பச்சை இலைகளும் பன்றி ஈரலும் முன்னுக்கு வந்தன. இது கொழுப்பில் கரையும், அதுவரை பெயரில்லாத ஒரு பொருள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். குருதி உறைதலைக் குறிக்கும் சொல் டெனிஷ் மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் கே என்ற எழுத்தில் தொடங்கும். விற்றமின்களின் வரிசையிலும் அந்த எழுத்து யாருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது. 1935இல் அதற்கு விற்றமின் கே என்று பெயர் வைத்தார்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் அல்மக்விஸ்ட், ஸ்ரோக்ஸ்ராட் என்ற இருவரும் இதே விடயத்தைக் கண்டறிந்திருந்தார்கள். அவர்களுடைய கட்டுரை வெளிவரத் தாமதமானது. டாமின் கட்டுரை முந்திக்கொண்டது. பெயரும் பரிசும் பிறகு யாருக்குப் போயின என்பதை அந்தத் தாமதமும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

அடுத்த வருடம் டாமும் அவருடன் வேலை செய்த ஷோன்ஹைடர் முதலானோரும், இந்தக் குஞ்சுகளின் குருதியில் புரோத்திரொம்பின் என்ற புரதம் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். குருதி உறைவதற்கு அது கட்டாயம் தேவை. மனிதரில் முதலில் பயன் கண்டவர்கள் பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சட்காமாலை வந்த நோயாளிகள். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் விற்றமின் உடம்பில் சேராது. அப்படிப்பட்டவர்கள் சத்திரசிகிச்சை மேசையில் குருதி நிற்காமல் இறந்துபோவது அதுவரை வழக்கமாக இருந்தது.

குழந்தைகளின் கதை இதைவிடப் பழையது. 1894இல் அமெரிக்காவின் பொஸ்ரனில் சார்ள்ஸ் ரவுன்சென்ட் என்ற மருத்துவர், பிறந்த சில நாட்களில் காரணம் தெரியாமல் குருதி வடிந்த 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கும். தொப்புளில், குடலில், மூக்கில், தோலுக்கடியில் என்று பல இடங்களில் வரும். பரம்பரையாக வரும் ஹீமோபீலியாவிலிருந்து இது வேறுபட்டது என்றும் அவர் சொன்னார். தப்பிய குழந்தைகளுக்குப் பிறகு வாழ்நாளில் அந்தத் தொல்லை வரவில்லை. நோய்க்குப் பெயர் கிடைத்தது. காரணம் கிடைப்பதற்கு இன்னும் நாற்பத்தைந்து வருடங்கள் போயின.

1939இல் டாமும் தாகே-ஹன்சன், புளும் என்ற சகாக்களும் பிறந்த குழந்தைகளின் குருதியைச் சோதித்தார்கள். நோயுற்ற குழந்தைகளில் மட்டுமல்ல, சுகமாகப் பிறந்த குழந்தைகளிலும் விற்றமின் கே குறைவாக இருந்தது. அதைக் கொடுத்தபோது குருதியின் உறையும் தன்மை சரியானது. அமெரிக்காவிலும் வேறு சிலர் அதே காலத்தில் இதைக் கண்டார்கள்.

ஏன் குறைகிறது? இந்த இடத்தைத்தான் சின்னம்மாவுக்காக நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தாயின் குருதியில் இருக்கும் விற்றமின் கே நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கு மிகக் கொஞ்சமாகவே போகிறது. பிறக்கும்போது குழந்தையின் ஈரலில் சேமிப்பு என்று சொல்ல எதுவும் இருப்பதில்லை. பெரியவர்களின் குடலில் உள்ள பற்றீரியாக்கள் இந்த விற்றமினில் ஒரு வகையை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் குடலில் அவை இன்னும் குடியேறியிருப்பதில்லை. தாய்ப்பாலில் ஒரு லீற்றருக்குச் சில மைக்ரோகிராம் அளவு மட்டும்தான் இருக்கும். மழையில் நனையாத தாயின் பாலிலும் அவ்வளவுதான். சரக்குத்தண்ணி குடித்து, முருங்கை இலையும் பசளியும் வயிறாரச் சாப்பிட்ட தாயின் பாலிலும் பெரிய மாற்றம் இருக்காது. குழந்தைக்குத் தாய்ப்பாலை மிஞ்சிய உணவு கிடையாது. இந்த ஒரு பொருள் மட்டும் இயற்கையாகவே அதில் குறைவு. அதைத்தான் அந்த ஊசி ஈடுசெய்கிறது.

அதே 1939இல் டாமும் சூரிச்சில் போல் காரரும் சேர்ந்து, மாட்டுத்தீவனமான அல்பால்பா இலையிலிருந்து விற்றமினை மஞ்சள் நிற எண்ணெயாகப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் எட்வேர்ட் டொய்சி அழுகிய மீன்தூளிலிருந்து இதன் இன்னொரு வகையைப் பிரித்தார். விற்றமினின் இரசாயன அமைப்பைக் கண்டறிந்து, அதை ஆய்வுகூடத்தில் உருவாக்கவும் செய்தார். மருந்து கைக்கு எட்டிவிட்டது. அந்த நேரத்தில்தான் ஐரோப்பாவில் யுத்தம் வந்தது.

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. அமெரிக்க–ஸ்கண்டிநேவிய மன்றத்தின் ஏற்பாட்டில் விரிவுரைகள் நிகழ்த்த அந்த ஆண்டு அமெரிக்கா போன டாம், யுத்தம் முடியும்வரை நாடு திரும்பவில்லை. வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் சில காலமும் 1942இலிருந்து ரொசெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் சில வருடங்களும் வேலை செய்தார். அவர் படித்த கொப்பன்ஹேகன் தொழில்நுட்ப நிறுவனம் 1941இல் அவரைப் பேராசிரியராக நியமித்தது. கதிரை ஊரில் இருந்தது, ஆள் கடலுக்கு அப்பால் இருந்தார். ஊருக்குப் போகமுடியாமல் இன்னொருவரின் மேசையில் இருந்து வேலை செய்வது எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அகதியாகப் போன எல்லோருக்கும் அப்படியொரு மேசை கிடைப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அந்த வருடம் அறிவிக்கப்படவில்லை. 1944இல்தான் அறிவித்தார்கள். விற்றமின் கேயைக் கண்டுபிடித்ததற்காகப் பாதி டாமுக்கும், அதன் இரசாயன இயல்பைக் கண்டறிந்ததற்காக மறுபாதி டொய்சிக்கும் கிடைத்தன. யுத்தத்தினால் வழக்கமான ஸ்ரொக்ஹோம் விழா நடக்கவில்லை. 1944 டிசெம்பர் 10ஆம் திகதி நியூயோர்க்கில் விழா நடந்தது. பரிசு பெற்றவர் நிகழ்த்தவேண்டிய உரையை 1946 டிசெம்பரில்தான் ஸ்ரொக்ஹோமுக்குப் போய் நிகழ்த்தினார். அந்த வருடம்தான் அவர் நாடு திரும்பி, ஐந்து வருடங்களாகக் காத்திருந்த கதிரையில் அமர்ந்தார்.

யுத்தத்தில் சேராத சுவீடனில், அந்தக் காலத்திலேயே யோர்கன் லேமன் என்ற மருத்துவர் ஏறத்தாழ 13,000 குழந்தைகளுக்கு இந்த விற்றமினைக் கொடுத்து, அதன் பயனை 1944இல் வெளியிட்டார். ஒரே கண்டத்தில், ஒரே வருடங்களில், எந்த எல்லைக்குள் பிறந்தது என்பதைப் பொறுத்து ஒரு குழந்தைக்குக் கிடைத்தது இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

மருந்து கண்டுபிடித்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆரம்பத்தில் மெனடியோன் என்ற செயற்கை வகையையே அதிகம் பயன்படுத்தினார்கள். கூடிய அளவில் கொடுத்தபோது, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளில், குருதிச் செல்கள் சிதைந்து கடும் மஞ்சட்காமாலை வந்தது. சில குழந்தைகளின் மூளையும் பாதிக்கப்பட்டது. 1950களில் இது தெரியவந்த பிறகு, பச்சை இலையில் இருக்கும் அதே வகைக்கு, சிறிய அளவுக்கு மாறினார்கள். 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு மில்லிகிராம். பிறந்ததும் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் முதல் மணித்தியாலத்துக்குப் பிறகு, தசையில் போடும் ஒரே ஓர் ஊசி.

விற்றமின் கே உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது 1974இல்தான் துலங்கியது. குருதியை உறையவைக்கும் சில புரதங்களை ஈரல் உண்டாக்குகிறது. அவை வேலை செய்ய வேண்டுமானால் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிக்கான கொளுக்கிகளை அவற்றில் பொருத்த விற்றமின் கே தேவை. அது இல்லாவிட்டால் புரதம் இருக்கும், கொளுக்கி இருக்காது. குருதி ஓடிக்கொண்டே இருக்கும். டாம் தொடங்கிய கேள்விக்கு இந்த விடை வந்தபோது அவருக்கு 79 வயது. 1976 ஏப்ரலில் அவர் காலமானார்.

அவருக்குப் பிறகும் அந்த ஊசிக்குச் சோதனை வந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஊசிக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னது. பெற்றோர் பயந்தார்கள். பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் பயம் முற்றாகப் போகவில்லை. 2013இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், பெற்றோர் ஊசியை வேண்டாம் என்ற நான்கு குழந்தைகள் குருதிப்போக்கோடு வைத்தியசாலைக்கு வந்தன. அவற்றில் மூன்றுக்கு மூளையில் குருதி கசிந்திருந்தது.

ஊசி போடாத காலத்தில் 60 குழந்தைகளில் ஒன்றிலிருந்து 400இல் ஒன்று வரை முதல் வாரத்தில் குருதி கசிந்தது. இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை வரும் வகை மிக அரிது, ஒரு இலட்சத்துக்கு 4 முதல் 7 வரை. ஆனால் அது வந்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூளையில் கசிகிறது. வீட்டில் பிரசவம் நடந்தாலோ, ஊசி போட்டார்களா என்று தெரியாவிட்டாலோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டுவிடுங்கள். தொப்புளிலோ மூக்கிலோ குருதி கசிந்தாலும், மலம் கறுத்தாலும், வாந்தியில் குருதி வந்தாலும், அடிபடாமலே தோலில் கண்டல் தெரிந்தாலும், குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், வலிப்பு வந்தாலும், கைமருந்து பார்த்து நேரம் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஹீமோபீலியா போன்ற நோய்களை இந்த ஊசி மாற்றாது. ஆகவே ஊசி போட்ட குழந்தையிலும் குருதி நிற்காவிட்டால் காரணம் தேடவேண்டும்.

இதை எழுதும்போது ஒரு விடயத்தில் நான் கவனமாக இருக்கவேண்டும். சின்னம்மாவின் குழந்தை எதனால் இறந்தது என்று இன்று யாராலும் சொல்லமுடியாது. குருதி சோதிக்கப்படவில்லை. வைத்தியர் யாரும் பார்க்கவில்லை. கிருமித்தொற்றாக இருந்திருக்கலாம், பரம்பரை நோயாக இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள், தொப்புள், கறுத்த மலம் என்று அவர் சொன்னதெல்லாம், ரவுன்சென்ட் நூறு வருடங்களுக்கு முன்பு எழுதிவைத்ததோடு பொருந்துகின்றன. 1995இல் அந்த ஊசி உலகத்துக்குப் புதியது அல்ல. கொடிகாமத்தில் அந்த விறாந்தைக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாள் கொட்டகைக்குள்ளும் பிள்ளை பெற்ற தாய்மார் நம்மிடையே எத்தனையோ பேர். ஷெல்லிலும் குண்டிலும் இறந்தவர்களை நாம் எண்ணுகிறோம். நேரத்துக்கு ஓர் ஊசி கிடைக்காமல் இறந்த குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுடைய தாய்மார்தான் அந்தக் கணக்கைத் தங்கள் மேல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

போன கிழமை இந்தக் கட்டுரையைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோழிக்குஞ்சுப் பகுதியைச் சிரித்துக்கொண்டு கேட்டார். தாய்ப்பால் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். எல்லாத் தாய்மாரின் பாலிலும் அது குறைவுதானா என்று கேட்டார். எல்லாருக்கும்தான் என்றேன். மழையில் நனையாத ஆட்களுக்குமா என்று திரும்பவும் கேட்டார். அவர்களுக்கும்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மிச்சத்தை வாசிக்கச் சொன்னார்.